மலைக்குள் உப்புக் கிணறு: வட தாய்லாந்துக் கிராமத்தில் அம்மாவோடு

தாய்லாந்து என்றதும் நம்மவர்கள் வாயில் வருவது பாங்காக், பட்டாயா, புக்கெட். வடக்கே போகிறவர்களும் சியாங் மாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் கிழக்கே, லாவோஸ் எல்லையை ஒட்டி, 'நான்' என்ற பெயரில் ஒரு மலை மாகாணம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 670 கிலோமீட்டர். அதன் கிழக்கு மலைகளுக்குள் இருக்கிறது போ க்லுவா. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், ஓர் ஆற்றங்கரையில், கிணற்றிலிருந்து உப்புநீர் இறைத்துக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். அந்த ஊரிலும், மலைக்கு இந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் புவாவிலும் அம்மாவோடு போய்த் தங்கிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சுத்த சைவம். முழங்கால் வலி உண்டு. "கோயில் கோயிலா ஏறி இறங்க என்னால ஆகாதுடி. வயலும் வாய்க்காலுமா ஒரு ஊர் பாரு, போய் உக்காந்துட்டு வரலாம்" என்றார். இதைப் படிப்பவர்களில் பலருக்கும் வயதான பெற்றோரை இப்படி ஓரிடத்துக்கு அழைத்துப்போக ஆசை இருக்கும். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள்; விமான டிக்கெட் அப்புறம். மழையை நம்பி ஜூன், ஜூலையில் நடவு. ஆகஸ்ட், செப்டம்பரில் புவா முழுக்கப் பச்சை. அக்டோபர் கடைசியில் கதிர் பழுத்து, நவம்பரில் அறுப்பு. படத்தில் பார்த்த பச்சை வயலை நம்பி டிசம்பரில் போனால் அடித்தாளைத்தான் பார்க்கலாம். உப்புக்கோ வேறு கணக்கு. பிக்குகள் விகாரையை விட்டு வெளியே தங்காமல் இருக்கும் மழைக்கால நோன்பு ஜூலைப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அக்டோபர் பௌர்ணமி வரை நீளும். அந்த மூன்று மாதமும் போ க்லுவாவில் உப்பு காய்ச்சுவதில்லை. அது வழிவழியாக வரும் கட்டு. மழைத் தண்ணீர் கிணற்றில் கலந்து உப்பு நீர்த்துப்போகும் காலமும் அதுதான். எனவே வயலும் உப்பும் இரண்டும் வேண்டும் என்றால் அக்டோபர் பௌர்ணமி கழிந்து நவம்பர் பாதி வரையிலான இடைவெளிதான் தோது. நாங்கள் போனது அந்தச் சமயத்தில்தான். ஒரு வயல் பொன்னிறமாக நிற்க, பக்கத்து வயலில் அரிந்து போட்ட கதிர் காய்ந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகவே வேண்டாம் என்பேன். முதியவர்களோடும் குழந்தைகளோடும் கட்டாயம் வேண்டாம். வட தாய்லாந்து முழுவதும் அப்போது புகைக் காலம். காட்டுத்தீயும், அறுவடை முடிந்த மலைச்சரிவுகளில் வைக்கும் தீயும் சேர்ந்து பள்ளத்தாக்குகளில் புகை தங்கிவிடும். எல்லைக்கு அப்பாலிருந்தும் வரும். எதிரே இருக்கும் மலை கண்ணுக்குத் தெரியாது. இதன் பின்னால் இருப்பது மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்காகப் பயிராகும் சோளம் கடந்த சில பத்தாண்டுகளில் இந்த மாகாணத்தின் மலைகளை மொட்டையாக்கியிருக்கிறது. குடியானவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் உழும் நிலத்தில் பெரும்பகுதி ஏட்டில் காப்புக்காடு. பட்டா இல்லாத நிலத்தில் பத்து வருஷம் காத்திருந்து பலன் தரும் மரத்தை நட எவருக்குத் துணிச்சல் வரும்? நாலு மாதத்தில் காசாகும் சோளத்தைத்தான் விதைப்பார்கள். இப்போது சில சரிவுகளில் காப்பியும் கொக்கோவும் வைக்கிறார்கள். புவாவில் காப்பி குடித்தால் அந்த மலைக்காப்பிதானா என்று கேட்டுக் குடியுங்கள்; அந்தக் காசு போய்ச் சேரும் இடம் சரியான இடம்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்திலிருந்து, மாகாணத்தின் பெயரையே கொண்ட 'நான்' நகரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போல. மோ சிட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தும் உண்டு. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சரிவராது. 'நான்' நகரத்திலிருந்து வடக்கே புவா 60 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளச் சாலை. புவாவிலிருந்து கிழக்கே 1256-ஆம் எண் சாலை தோய் பூ கா தேசியப் பூங்காவின் முகட்டில் ஏறி, அந்தப் பக்கம் போ க்லுவாவில் இறங்குகிறது. பின்புறம் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட பிக்கப் வண்டிகளைச் சொங்தேவ் என்பார்கள். அவை மலைக்கு மேலே குறைவாகவே ஓடும், அதுவும் காலையில். பெரியவர்களோடு என்றால் 'நான்' நகரத்திலேயே கார் எடுத்துவிடுவது நல்லது. அங்கும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். புவாவிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் 'எல்'லில் போடுங்கள். வளைவு மேல் வளைவாக வரும், ஆகவே வாந்தி மாத்திரையைப் புவாவில் கிளம்பும்போதே போட்டுவிடுவது உத்தமம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, தூரத்து முகட்டையே பார்த்துக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தார்.

நாட்டுக்குள் நுழைவதற்கான டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே முதல் கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. முதல் இரவு தங்கும் முகவரியைக் கேட்பார்கள். கிராமத்து வீட்டு முகவரியை எழுதித் தடுமாற வேண்டாம். முதல் இரவை 'நான்' நகரத்து விடுதியில் வைத்துக்கொண்டால் அந்த முகவரியே போதும். அந்த ஒரு நாளில் வாட் பூமின் கோயில் சுவரோவியங்களையும் பார்த்துவிடலாம்.

நகர விடுதியில் தங்கும்போதே செய்ய வேண்டிய இன்னொரு காரியம், சாப்பாட்டுச் சீட்டு. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இறைச்சி, மீன், இறால் விழுது, மீன் சாறு, சிப்பிச் சாறு எதுவும் சாப்பிடமாட்டார், உப்பு போட்டுச் சமைத்தால் போதும்" என்று தாய் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கினேன். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டுவதைவிட இது பத்து மடங்கு மேல். கிராமத்தில் சமைப்பவர்கள் வயதானவர்கள். கைப்பேசித் திரையை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். தாளை வாங்கிப் படித்துவிட்டு அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். கடைகளில் 'ஜே' என்று சிவப்பெழுத்தில் எழுதிய மஞ்சள் கொடி தொங்கினால் அங்கே மீன் சாறுகூட இருக்காது, பூண்டு வெங்காயமும் இருக்காது. அந்தக் கொடி மலைக்கு மேலே எங்கள் கண்ணில் படவேயில்லை. சீட்டில் 'மீன் சாறு' என்று தனியாக எழுதாவிட்டால், வெறும் காய்கறி வதக்கலிலும் அது விழுந்துவிடும். அதை அவர்கள் அசைவமாக நினைப்பதில்லை.

போ க்லுவாவில் உப்புக் கிணறுகள் இருக்கும் கிராமத்துக்குப் போ லுவாங் என்று பெயர். மாங் ஆறு ஓட்டமும் நடையுமாகக் கூழாங்கற்களின் மேல் போகிறது. ஒரே தெரு. தெருவின் இரு பக்கமும் மரவீடுகள், நடுவில் கிணறு, அதைச் சுற்றி உப்புக் கொட்டகைகள். இந்த உப்புக்காக அரசர்கள் மோதியிருக்கிறார்கள். 1450-ல், சியாங் மாயிலிருந்து ஆண்ட லான்னா அரசர் திலோகராஜ் இந்தப் பகுதியைக் கைப்பற்றியதற்கு இந்தக் கிணறுகளும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். கடலுக்கு வெகு தொலைவில் இருந்த மலைநாட்டுக்கு உப்பு என்பது பணம்தானே.

கிணற்றைச் சுற்றி மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் சாதாரணக் கிணறு மாதிரிதான். மேலே நிற்க ஒரு மேடை. அங்கிருந்து வாளியால் இறைத்துத் தொட்டியில் ஊற்ற, அது குழாய் வழியாகக் கொட்டகைகளுக்குப் போகிறது. கொட்டகைக்குள் மண்ணால் பூசிய நீள அடுப்பு. அதன் மேல் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள், கீழே விறகு. நாலைந்து மணி நேரம் விடாமல் கொதிக்கவேண்டும். உள்ளே போனதும் ஆவியில் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். துடைத்துவிட்டுப் பார்த்தால் கொப்பரையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருக்கும். கொதி அடங்கும் சமயத்தில் நடுவில் மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படிந்து, அது கனத்து, உடைந்து அடியில் இறங்குகிறது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி நீளப்பிடி போட்ட கரண்டியால் அதை அடியோடு வழித்து எடுத்து, கொப்பரைக்கு நேர்மேலே தொங்கும் மூங்கில் கூடையில் கொட்டினார். கூடையிலிருந்து சொட்டும் நீர் திரும்பக் கொப்பரையிலேயே விழுகிறது. ஒரு சொட்டு வீணாவதில்லை. கூடையில் நிற்பது ஈரமான, பொடிப்பொடியான, தூய வெள்ளை உப்பு. விரலில் தொட்டு அம்மா நாக்கில் வைத்தார். "கரிப்பு இருக்கு, கசப்பு இல்ல பாரு" என்றார்.

அங்கே அரை மணி நேரம் நின்று படமெடுத்துவிட்டு, உப்பு வாங்கி, மறு வண்டியில் கிளம்பும் கூட்டம்தான் அதிகம். பதினொரு மணிக்கு வரும், மூன்று மணிக்குப் போய்விடும். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு வெளியே அங்கே இருக்கவேண்டும், அதாவது இரவு தங்கியாக வேண்டும். காலை ஆறு மணிக்குமேல் ஒலிபெருக்கியில் ஊர்த்தலைவர் பேசுவார். தடுப்பூசி முகாம், தண்ணீர் நிற்கும் நேரம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் அதில் வந்துவிடும். தூக்கம் கெடுகிறதே என்று நினைப்பவர்களுக்குக் கிராமத்து வீடு ஒத்துவராது. அந்த நேரத்துக்குள் உப்பு அடுப்பில் தீ மூட்டியாகிவிடும். பிக்குகள் பாத்திரம் ஏந்தி வருவார்கள். பனி ஆற்றின் மேல் நகரும். இரவு எட்டரைக்குத் தெரு அடங்கிவிடும். மருந்து, பிஸ்கட், வெந்நீர் என்று எது வேண்டுமோ அதையெல்லாம் பொழுது சாயுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு சிறு அரசு மருத்துவமனை உண்டு என்றாலும், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கையிலேயே வைத்திருப்பது நல்லது.

அம்மாவின் பொழுது பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் கழிந்தது. எழுபதைத் தாண்டிய அவரை அக்கம்பக்கத்தார் 'மே உய்' என்று பாட்டி முறை வைத்துக் கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் பேசுவது வடக்கத்திப் பேச்சு. பேத்தி பள்ளி விட்டு வந்தால்தான் மத்திய தாய் மொழியில் மாற்றிச் சொல்லி, அதைக் கைப்பேசி நமக்குச் சொல்லும். பேத்தி வராத நேரத்தில் இரண்டு பேரும் கையாலேயே எல்லாம் பேசிக்கொண்டார்கள்.

பசையரிசியை அவர் முந்தின இரவே ஊறவைத்துவிடுவார். விடிகாலையில் அதை மரத்தால் குடைந்த ஆவிப்பானையில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பானையின் மேல் ஏற்றி, இரண்டும் சேரும் இடத்தில் ஆவி போகாமல் ஈரத்துணி சுற்றுவார். வெந்ததும் அகலமான மரத்தட்டில் கவிழ்த்து, துடுப்பால் கிண்டிக் கிண்டி ஆவியை விடுவார். அப்படிச் செய்யாவிட்டால் சோறு வியர்த்துக் கூழாகிவிடும். பிறகு உருட்டி மூடிபோட்ட மூங்கில் கூடையில் அடைத்தால் மத்தியானம் வரை மெத்தென்று இருக்கும். அதைக் கையால் கிள்ளி உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு ஸ்பூனும் முள்கரண்டியும் இல்லாத இந்தச் சாப்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

தொட்டுக்கொள்ள 'நாம் ப்ரிக் நும்' என்ற மிளகாய்த் துவையல். நீளமான இளம்பச்சை மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு கரியடுப்பில் சுட்டு, தோலை உரித்து, உரலில் இடிப்பது. மே உய் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மீன் சாறு குப்பியைத் தள்ளிவைத்து, அந்த ஊர் உப்பையே ஒரு கை போட்டு இடித்தார். "நம்ம சுட்ட துவையல்டி இது" என்று அம்மா உரல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூடவே அவித்த பூசணித் தளிர், பீர்க்கங்காய், புடலை. ஒருநாள் துவா நாவ் என்ற, சோயா மொச்சையைப் புளிக்கவைத்துத் தட்டிக் காயவைத்த வில்லையைச் சுட்டுப் போட்டார். வாசனை முதலில் தூக்கலாக இருக்கும். சைவக்காரர்களுக்கு மீன் சாற்றின் இடத்தை நிரப்புவது இதுதான். மக்வேன் என்றொரு மலைக்காய் இந்த மாகாணத்தின் தனிச்சரக்கு. கொங்கண் சமையலில் போடும் திர்ஃபல் இதன் இனம். நாக்கைக் கொஞ்சம் மரக்கவைக்கும், எலுமிச்சை வாசம் வரும். கோழியில்தான் அதிகம் போடுகிறார்கள். சைவத்தில் வேண்டுமென்று கேட்டால் காளான் வதக்கலில் போட்டுத் தருவார்கள். காய்ந்த மக்வேனை ஒரு பொட்டலம் வாங்கிவந்தால் ரசத்துக்கு ஆகும்.

பெரியவர்களோடு போகிறவர்கள் வீட்டை முடிவுசெய்யுமுன் இவற்றைக் கேளுங்கள்: படுக்கை தரையிலா கட்டிலிலா, கழிப்பறை மேற்கத்திய வகையா, அது வீட்டுக்குள்ளா வெளியேயா, அறைக்கு எத்தனை படி ஏறவேண்டும், வெந்நீர் உண்டா. மரவீடுகளில் படி செங்குத்தாக இருக்கும். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட வேண்டும் என்பதால் ராத்திரியில் வெறுங்காலோடு இறங்க நேரும். சின்ன டார்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும். கழிப்பறையில் கழுவுவதற்குக் கைக்குழாய் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மலையில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக்கூட இறங்கும். ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம். மூன்று முனை பிளக் அங்கே செருகாது. இரண்டு முனை சார்ஜர் எடுத்துப்போங்கள்.

காலை நடைக்குப் போனால் நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். ஓடாமல், முதுகைக் காட்டாமல் நின்று, மெதுவாக நகர்ந்தால் விட்டுவிடும். கையில் ஒரு குச்சி இருந்தால் பெரியவர்களுக்கு அதுவே ஊன்றுகோலும் ஆகும். கடித்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் அன்றே வெறிநாய்க்கடி ஊசி போட்டாக வேண்டும்.

பணம் ரொக்கமாகவே வேண்டும். கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்கும். அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. 'நான்' நகரத்திலேயே மொத்தமாக எடுத்து, 20, 50, 100 பாட் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுத் தங்கலில் வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் பெரும்பாலும் வழக்கம், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். அதில் பேரம் பேசாதீர்கள். உங்களுக்கு மிச்சமாவது ஒரு காப்பிக் காசு, அவர்களுக்கு அது ஒரு வேளைக் கறிகாய்.

புவாவில் எங்களுக்குக் கிடைத்தது வேறுவிதமான அமைதி. அங்கே தாய் லூ மக்கள் அதிகம். இன்றைய சீனாவின் யூனான் மாநிலத்தின் சிப்சொங் பன்னாவிலிருந்து முன்னோர் வந்தவர்கள். ஓடும் தண்ணீர் போல் அலையலையாக நெய்யும் அவர்கள் துணி பேர்போனது. வீட்டுத் தறியில் நெய்வதைப் பார்த்து அங்கேயே வாங்கலாம். வயல் ஓரத்தில் வரிசையாகக் காப்பிக்கடைகள் வந்துவிட்டன. வயலுக்கு நடுவே மூங்கில் பாலம் போட்டு, வாரக்கடைசியில் தாய்லாந்துக்காரர்களே படமெடுக்கக் குவிகிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை போனால் வரப்பில் நடக்க இடம் கிடைக்கும். வரப்பில் நடக்கும்போது அறுப்பு நடக்கும் பக்கம் போய் ஆட்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல், முதலில் கைகூப்பி, அவர்கள் தலையாட்டிய பிறகு எடுங்கள். உப்புக் கொட்டகையிலும் இதே முறைதான். அங்கே வேலை செய்பவர்கள் கண்காட்சிக்கு வைத்தவர்கள் அல்லர். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் வரும். எல்லாரும் நிற்கும்போது நாமும் நிற்கவேண்டும்.

உப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலை உப்பில் இயற்கையாக அயோடின் கிடையாது. அதனால் பொட்டலம் கட்டும்போது சேர்க்கிறார்கள். கூடையிலிருந்து நேராக அள்ளித் தருவதில் இருக்காது. அன்றாடச் சமையலுக்கென்றால் அயோடின் சேர்த்த பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் சேர்க்காததே நன்றாக இருந்ததாக அம்மா சொல்கிறார். இரண்டையும் தனித்தனிப் பையில் இறுக்கக் கட்டி, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கைப்பையில் வெள்ளைப்பொடிப் பொட்டலம் இருந்தால் சோதனையில் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். திரும்பும் நாளில் போ க்லுவாவிலிருந்து நேரே விமானம் பிடிக்க ஓடாதீர்கள். மலைச்சாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். முந்தைய இரவே 'நான்' நகரத்துக்கு இறங்கிவிட்டால் காலை விமானத்துக்கு நிதானமாகப் போகலாம். தாய்லாந்தின் நீண்ட விடுமுறைகளில் அந்த விமானமும் இரவுப் பேருந்தும் முன்கூட்டியே நிறைந்துவிடும், அதனால் திரும்பும் டிக்கெட்டைப் போகும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.